ஏழு கொடிப் பையுடன் ரங்கத்துக்கு

அண்டை நாடுகளோடு சேர்ந்து அமைத்த ஒரு கூட்டமைப்பில் நம் நாடு முன்னணியில் இருக்கிறது என்றால், நம் நாட்டு மீனவர் ஒருவருக்கு அதனால் என்ன கிடைக்கும்? அந்தமானின் ரங்கத் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் ஒரு பெண் என்னிடம் இதைக் கேட்டார். கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பன்னாட்டு உறவுகள் பாடம் நடத்துகிறேன். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது, இப்போதும் தெரியவில்லை.

இந்தப் பதிவு அந்தமான் போக நினைப்பவர்களுக்காகத்தான். பேருந்து நேரம், கட்டணம் எல்லாம் வரும். நடுவில் நடந்ததை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன், அது வெறும் பேருந்து அட்டவணையாக இருந்தது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், இதில் வரும் அக்கரை நாட்டின் பெயரை எழுதவில்லை. பெயர் மாறியதால் வந்த வினையைப் பற்றி எழுதும்போது நானும் பெயர் மாற்றுவது உறுத்தலாகத்தான் இருக்கிறது. வேறு வழியில்லை.

பிப்ரவரி இரண்டாம் வாரம் போர்ட் பிளேரில் இரண்டு நாள் கருத்தரங்கு. வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள ஏழு நாடுகளின் கூட்டமைப்பும் அதில் இந்தியாவின் பங்கும் என்பது தலைப்பு. அழைத்தவர்கள் தங்கும் செலவு மட்டும் தருவதாகச் சொன்னார்கள். சென்னையிலிருந்து விமானம் 5,930 ரூபாய், இரண்டேகால் மணி நேரம். ஊருக்கு அரசு இப்போது வேறு பெயர் வைத்திருக்கிறது, டிக்கெட்டில் அந்தப் பெயர்தான் இருந்தது. ஆட்டோக்காரரிடம் அதைச் சொன்னபோது, "ரெண்டும் இதே ஊர்தான் மேடம், வாடகை மாறாது" என்று இந்தியில் சொல்லி, ஷாதிபூருக்கு 200 ரூபாய் வாங்கினார். தூரம் நான்கு கிலோமீட்டருக்கு மேல் இருக்காது.

தங்கியது ஷாதிபூரில் ஒரு சிறிய விடுதி. ஒரு நாளைக்கு 1,400, வெந்நீர் காலையில் மட்டும். கீழே மளிகைக்கடை, மேலே ஆறு அறைகள். இரண்டுக்கும் உரிமையாளர் காதர் பாய். கீழக்கரைக் குடும்பம், அறுபது வயதிருக்கும். ரங்கத், மாயாபந்தர் பக்கத்து மீன்பிடிப் படகுகளுக்கு அரிசி, எண்ணெய், டீசல் கேன் எல்லாம் அனுப்புபவர். முதல் நாள் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "டீச்சரா? நல்லதாப் போச்சு" என்றார். எது நல்லதாகப் போயிற்று என்று அப்போது சொல்லவில்லை.

கருத்தரங்கு மேடையில் ஏழு கொடிகள். அந்த ஏழில் இரண்டு நாடுகளுக்குக் கடற்கரையே கிடையாது, வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். கூட்டமைப்பில் ஒவ்வொரு நாடும் ஒரு துறையை முன்னின்று நடத்தும். பாதுகாப்புத் துறை இந்தியாவுடையது. எல்லா நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும் என்ற விதி இருக்குமிடத்தில் 'முன்னணி' என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை என்பது என் கட்டுரை. பன்னிரண்டு நிமிடம் கொடுத்தார்கள். பாதி நாற்காலிகள் காலி. எல்லாருக்கும் ஒரு சணல் பை தந்தார்கள். ஏழு கொடிகளும் வட்டமாக அச்சிட்டிருக்கும், உள்ளே ஒரு பேனா, ஒரு குறிப்பேடு. இப்படிப்பட்ட பைகள் வீட்டில் பதினைந்துக்கு மேல் கிடக்கின்றன. என் தோள்பையின் வார் அன்று மாலை அறுந்ததால் இதை எடுத்துக்கொண்டேன். வேறு காரணம் இல்லை.

திங்கள் மாலை காதர் பாய் விஷயத்தைச் சொன்னார்.

"டீச்சர், புதன்கிழமை ரங்கத் போறதாச் சொன்னியள்ல? ஒரு காகிதத்தைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கித் தரணும்."

"தபாலில் அனுப்பலாமே" என்றேன்.

"காகிதம் தானாப் போயிரும். கையெழுத்துத் தானா வராது. கூட ஒரு ஆள் போகணும். வெளி ஆள், படிச்ச ஆள். நான் போய் மூணு தடவை கேட்டாச்சு. என்னைக் கண்டா அவன் வலைக்குள்ள ஒளிஞ்சுக்கிறான்."

விஷயம் இது. படகு கிளம்புவதற்கு முன்னால் ஜெட்டியில் ஆட்கள் பட்டியலும் ஒவ்வொருவரின் மீனவர் அட்டையும் காட்டி டோக்கன் வாங்க வேண்டும். பட்டியல் முதல் நாளே எழுதிக் கொடுத்தது. காலையில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் புதுப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்க அரை நாள் ஆகும், அதற்குள் படகில் ஏற்றிய ஐஸ் உருகிவிடும். அதனால் காய்ச்சல்காரரின் அட்டையை வாங்கிக்கொண்டு இன்னொருவர் அவர் பெயரிலேயே போய்விடுவார். இதற்குப் 'பத்லி போவது' என்று பெயர். எல்லாரும் செய்வதுதான். கேட்பவரும் கிடையாது, சொல்பவரும் கிடையாது.

போன ஆண்டு மழைக்கு முன்னால் ரங்கத்திலிருந்து நான்கு பேருடன் போன ஒரு படகின் இயந்திரம் நின்றுவிட்டது. நீரோட்டம் இழுத்துப் போய் அக்கரை நாட்டு எல்லைக்குள் விட்டது. நான்கு பேரும் சிறையில். பட்டியலில் இருந்த பெயர்களையே அங்கும் சொன்னார்கள். அட்டையில் இருக்கும் பெயரும் சொல்லும் பெயரும் பொருந்தாவிட்டால் வேவு பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். இரண்டு நாடுகளும் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்தன. மூன்று பேர் தீபாவளிக்கு முன் வீடு திரும்பினார்கள். நான்காவது பெயர் அப்பாராவ். சரிபார்க்க ஆள் வந்தபோது அப்பாராவ் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அட்டை எங்கே என்று கேட்டதற்குத் தொலைந்துவிட்டது என்றார்.

ஆக, அங்கே சிறையில் இருப்பவர் யாரோ ஒருவரின் தொலைந்த அட்டையை வைத்திருந்த, யாரென்று தெரியாத ஆள். அவர் உண்மைப் பெயர் யோகராஜ். மூவரும் போன பிறகு அங்கே தன் பெயரைச் சொல்லியிருக்கிறார். ஆனால் யோகராஜ் என்பவர் ரங்கத்தை விட்டுக் கிளம்பியதற்கே எந்தப் பதிவும் இல்லை. திரும்பி வந்த மூவரும் ஏற்கெனவே நான்காமவர் அப்பாராவ் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாற்றிச் சொன்னால் பொய்ச் சாட்சி வழக்கு. யோகராஜின் மனைவி சாந்தினி அப்போதே புகார் கொடுக்கவில்லை. "பட்டியல்ல இருக்கிற பேர்லயே நாலு பேரும் வந்துடுவாங்க, நீ போய்க் கெடுத்துடாதே" என்று படகுக்காரர் சொல்லியிருந்தார்.

இப்போது இரண்டாவது சரிபார்ப்பு வந்திருக்கிறது. வியாழன் மாலைக்குள் ரங்கத்தில் உள்ள அரசு அலுவலகம் பதில் அனுப்ப வேண்டும். "என் அட்டையை நான்தான் கொடுத்தேன், எனக்குப் பதில் போனது யோகராஜ்" என்று அப்பாராவ் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டால் போதும். அடுத்த பட்டியல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது, டெல்லியிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தூதரக அதிகாரி ஒருவரிடம் பெயர் சொல்லாமல் இதைக் கேட்டேன். பாதுகாப்புத் துறையில் நாம் முன்னணி நாடு, கடல் பாதுகாப்பும் அதில்தான் வருகிறது, இப்படிப்பட்ட ஆளுக்குக் கூட்டமைப்பில் ஏதாவது வழி உண்டா? அவர் மரியாதையாகக் கேட்டார். "அது இருதரப்பு விஷயம், மேடம். இங்கே நாம் பேசுவது பலதரப்பு" என்றார். பிறகு பாயசம் நன்றாக இருக்கிறது என்றார். நன்றாகத்தான் இருந்தது. அவர் சொன்னதும் தவறில்லை. பரீட்சையில் ஒரு மாணவர் அப்படி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

காதர் பாயின் காகிதத்தை வாங்கிக்கொண்டதற்குக் கருணை காரணம் என்று எழுத மாட்டேன். ரங்கத் பேருந்துக்கு ஏற்கெனவே சீட்டு எடுத்திருந்தேன்.

போர்ட் பிளேரிலிருந்து ரங்கத் சுமார் 170 கிலோமீட்டர். பேருந்து விடியற்காலை 4.15க்கு, 290 ரூபாய், சன்னல் ஓரம் வேண்டுமானால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். ஜிர்காடாங் சோதனைச் சாவடிக்கு 5.30க்குப் போய்ச் சேர்ந்தோம். இங்கிருந்து ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காடு. எல்லா வண்டிகளும் வரிசையாக நின்று ஆறு மணிக்குக் காவலோடு ஒன்றாகப் புறப்படும். இட்லியும் கடலைக் குழம்பும் கிடைக்கும், 50 ரூபாய், குழம்பை நம்பலாம். வண்டிக்குள் ஓட்டுநர் ஒருமுறை எழுந்து நின்று, "கிட்கி பந்த், போன் பந்த், முண்டியும் வெளியே வரக்கூடாது" என்றார். சன்னலையும் போனையும் மூடச் சொல்வது புரிந்தது. தலையைப் பற்றிச் சொன்னதற்குப் பயணிகள் சிரித்தார்கள். படம் எடுத்தால் வழக்கு. நான் வெளியே பார்க்கவே இல்லை. வேடிக்கை பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று நினைத்தேன்.

மிடில் ஸ்ட்ரெயிட்டில் 7.30. பேருந்தோடு சேர்ந்து நாமும் படகில் ஏறி அக்கரை போக வேண்டும், ஆளுக்குப் பத்து ரூபாய், கால் மணி நேரம். சதுப்புக்காட்டு வேர்கள் இரண்டு பக்கமும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நின்றன. அழகான இடம், எனக்குப் பார்க்கும் மனநிலை இல்லை. பாரதாங் கடந்ததும் முன்பு இன்னொரு படகு ஏற வேண்டியிருந்த இடத்தில் இப்போது பாலம் இருக்கிறது. கதம்தலாவுக்கு அப்புறம் சாலை மோசம். ரங்கத் 11.10.

சாந்தினி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், ஒரு தையல் கடையில் வேலை. காதர் பாய் அடையாளம் சொல்லியிருந்தார் போல, நேராக வந்து என் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்தார்.

"இது ரேடியோவுல சொன்ன ஏழு நாட்டு மீட்டிங் பைதானே மேடம்? நீங்க அந்த ஆபீஸா?"

"இல்லைங்க. நான் காலேஜ்ல பாடம் நடத்துறவ. அங்க பேச வந்தேன்."

"பேசினீங்கள்ல? அது போதும்."

டீக்கடையில்தான் அந்தக் கேள்வி வந்தது. "நம்ம நாடு அதுல லீடர்னு சொன்னாங்க. அந்த லீடரால என் வீட்டுக்காரருக்கு என்னாங்க கிடைக்கும்?" ஏளனம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

"புரொபசருக்கே தெரியலையா? அப்ப எனக்குத் தெரியாததுல தப்பே இல்லை" என்று சிரித்தார். அதன் பிறகு என்னை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

பிளாஸ்டிக் உறையில் காகிதங்கள் வைத்திருந்தார். ரேஷன் அட்டை, கல்யாணப் படம், யோகராஜின் அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது கொடுத்த தாள். "மாமாவை ரெண்டு நாடு உட்கார்ந்து பேசித்தான் இங்க கொண்டாந்து விட்டாங்க. இவரு இந்தியாக்காரருன்னு ரெண்டு நாட்டு முத்திரையும் இருக்குது பாருங்க. பக்கா காகஜ். ஆனா ஆபீஸ்ல என்ன சொல்றாங்க? இது அப்பன் யாருன்னு சொல்லுது, அங்க ஜெயில்ல உட்கார்ந்திருக்கிறது யாருன்னு சொல்லலைங்கிறாங்க."

"போட்டோ கேட்டுப் பாத்தீங்களா?"

"கேட்டாச்சு. அங்கேருந்து வரலை." உறையை மடித்துக்கொண்டே சொன்னார்: "திரும்பி வந்தவங்ககிட்ட அவரு சொல்லி அனுப்பியிருக்காரு. அப்பாராவ்னு கூப்பிட்டா இப்பல்லாம் உடனே திரும்பிப் பாக்குறேன், பழகிருச்சுன்னு. அதைக் கேட்டப்பறம் எனக்கு ராவுல தூக்கம் இல்லக்கா."

ரங்கத் பே ஜெட்டி ஏழு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் 250 என்று ஆரம்பித்து 200க்கு வந்தார். மீனவர் குடியிருப்பு ஜெட்டிக்கு முன்பாகவே வலப்பக்கம், தகரக் கூரை வீடுகள். அப்பாராவ் வாசலில் படகைத் தண்ணீரில் தள்ளும் காற்றாடியைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்ரீகாகுளத்துக்காரர், நாற்பது வயது, தீவுக்கு வந்து பதினாறு வருடம். பேசியதெல்லாம் இந்தியில்.

சாந்தினியைப் பார்த்ததும் எழுந்தார். அவரை அண்ணி முறை வைத்து 'பாபி' என்றுதான் கூப்பிட்டார். "வாங்க பாபி. மேடம்ஜியையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா? நான் இங்கேயும் இருக்கேன், அங்கே ஜெயில்லயும் இருக்கேன். அரிசி மட்டும் ஒரு ஆளுக்குத்தான் வருது."

"அங்க இருக்கிற ஆளுக்கும் சேத்து நீதானே தின்னுற" என்றார் சாந்தினி. "வயிறு தெரியுது."

அப்பாராவின் மனைவி உள்ளிருந்து சிரித்துவிட்டு டீ கொண்டுவந்தார். ஒரு நிமிடம் எல்லாரும் சாதாரணமாக இருந்தார்கள். பத்து மாதத்துக்கு முன்னால் இந்த இரண்டு குடும்பங்களும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

காகிதத்தைக் கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. வரிவரியாக இந்தியில் சொன்னேன். காய்ச்சல் வந்த நாளைப் பற்றிய வரியில் தலையாட்டினார். "நூற்றி மூணு டிகிரி. அவன்தான் மாத்திரை வாங்கிட்டு வந்தான். நீ படு, நான் போறேன்னான்."

அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. தீவில் நிரந்தரமாக வசிப்பவர் என்று அரசு தரும் தீவுவாசி அட்டைக்கு அவர் கொடுத்த விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அட்டையைக் கொடுத்தேன் என்று எழுதினால், தொலைந்துவிட்டது என்று முன்பு சொன்னது பொய்யாகும். இது கடலோர எல்லைப் பகுதி, வழக்கு வரும். வழக்கு இருந்தால் தீவுவாசி அட்டை கிடைக்காது. மீனவர் அட்டையும் போகும். இரண்டு மகள்கள் பள்ளிக்குப் போகிறார்கள்.

அப்போதுதான் அவர் என் பையைப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு கொடியாகத் தொட்டார். அக்கரை நாட்டுக் கொடியில் விரல் நின்றது. "இவங்களும் இதுல இருக்காங்களா?"

"இருக்காங்க."

"நம்மதும் இருக்கு. அப்ப இவங்க எல்லாரும் ஒரே சங்கம். மேடம்ஜி, நான் கையெழுத்துப் போட்டா இந்தச் சங்கம் என்னைப் பாத்துக்குமா? என்மேல கேஸ் வராமப் பாத்துக்குமா? நீங்க அங்கேருந்துதானே வர்றீங்க, நீங்க சொன்னா நான் இப்பவே போடுறேன்."

சாந்தினி என்னைப் பார்த்தார். இந்தியும் அவருக்கு நன்றாகத் தெரியும், என்ன கேட்கப்படுகிறது என்பதும் தெரியும்.

"இல்லை" என்றேன். "நான் வாத்தியார். இந்தப் பை அங்கே வந்த எல்லாருக்கும் கொடுத்தது. அவங்களால உங்களுக்கு எதுவும் செய்ய முடியாது. கேஸ் வரலாம், வராமலும் போகலாம். எனக்குத் தெரியாது. ஆனா நீங்க போடலைன்னா அவர் அங்கேயேதான் இருப்பார்."

அப்பாராவ் விரலை எடுத்துக்கொண்டார். காற்றாடியைத் துணியால் துடைத்தார். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நோட்டரிகிட்ட வந்துடறேன், பாபி. இன்னிக்கு ஒரு ராத்திரி யோசிக்க விடுங்க. என் பொண்ணுங்க மேல சத்தியம்" என்றார். அவர் மனைவி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆட்டோ பாதி வழி வந்ததும் சாந்தினி என் பக்கம் திரும்பினார்.

"ஆமான்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை மேடம்."

'அக்கா' போயிருந்தது. "பொய் சொல்லி அவர் மாட்டிக்கிட்டா?" என்றேன்.

"என் வீட்டுக்காரரு உண்மையைச் சொல்லி மாட்டிக்கிட்டு இருக்காரு. உங்களுக்குப் பொய் வராதுன்னா காதர் பாய்கிட்டயே சொல்லியிருக்கலாம். நான் பொய் சொல்ற ஆளாப் பாத்துக் கூட்டிட்டு வந்திருப்பேன்."

ஆட்டோ ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டுப் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார்.

அன்று மாலை ரங்கத் பஜாரில் அறை எடுத்தேன், 1,000 ரூபாய். மின்விசிறி உண்டு, கொசுவலை கேட்டால் தருவார்கள். அங்கே உட்கார்ந்து எழுதிய குறிப்புகளைத்தான் கீழே தருகிறேன்.

ரங்கத் போகிறவர்கள் முதல் காவல் வரிசையைப் பிடிக்கிற பேருந்திலேயே போங்கள், அடுத்ததில் போனால் வந்து சேரும்போது மதியம் தாண்டிவிடும். காப்புக்காட்டில் சிக்னல் கிடையாது, அலைபேசியை நம்பி யாருக்கும் நேரம் சொல்லாதீர்கள். அடையாள அட்டையின் நகல் குறைந்தது மூன்று வைத்திருங்கள், விடுதியில் ஒன்று போய்விடும். இந்தியில் நாலு வாக்கியம் தெரிந்திருந்தால் போதும், தமிழ் பேசுகிறவர்கள் எல்லா பஜாரிலும் உண்டு. கடற்கரைகளைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. போகவில்லை. ஜெட்டிப் பக்கம் போனால் மீனவர்களிடம் உங்களைப் பற்றி முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தோளில் என்ன தொங்குகிறது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் செய்தது சரியா என்று அன்றைக்கு யோசித்தேன். ஒருவரைப் பொய் சொல்லி ஆபத்தில் இறக்கக் கூடாது என்பதில் எனக்கு இன்னமும் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கொள்கைக்கான விலையை நான் கொடுக்கவில்லை. இந்தத் தீவுகளிலிருந்து கிழக்கேயோ வடக்கேயோ போனால் சென்னையைவிட அண்டை நாடுகள்தான் கிட்டத்தில் இருக்கின்றன. கருத்தரங்கில் இதைத்தான் பெருமையாகச் சொன்னார்கள், தீவுகள் ஒரு பாலம் என்று. இயந்திரம் நின்றுபோன படகுக்கும் அதே தூரம்தான். ஏழு நாடுகள் கூடிப் பேசும் மேசையில் யோகராஜ் சின்ன விஷயம், இரண்டு நாடுகள் பேசும் மேசையில் அவர் ஒரு பெயர்ப் பொருத்தம், ரங்கத் அலுவலகத்தில் ஒரு வரி. அந்த வரியை அப்பாராவ் எழுத வேண்டும். அவ்வளவு பெரிய அமைப்பின் மொத்தப் பாரமும் கடைசியில் 103 டிகிரி காய்ச்சலில் படுத்திருந்த ஒருவர் மேல் வந்து நிற்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள், வியாழக்கிழமை, நடந்தது இது.

காலை 9.45க்கு நானும் சாந்தினியும் நோட்டரியின் கடைக்குப் போனோம். பத்து மணிக்கு அப்பாராவ் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. 12.30க்கு ஆட்டோ பிடித்து ஜெட்டிக்குப் போனோம். அவர் மனைவி வாசலுக்கு வந்தார், உள்ளே கூப்பிடவில்லை. விடியற்காலை நாலரைக்கே கடலுக்குப் போய்விட்டார், வர மூன்று நாள் ஆகும் என்றார்.

"அட்டைதான் தொலைஞ்சு போச்சே. எந்த அட்டையில போனாரு?" என்று சாந்தினி கேட்டார்.

அந்தப் பெண் தரையைப் பார்த்தார். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு என்றார்.

டோக்கன் கொடுக்கும் இடத்தில் போய்க் கேட்டோம். காலையில் போன படகின் பட்டியலில் நான்கு பெயர்கள் இருந்தன. அப்பாராவ் என்ற பெயர் இல்லை. சாந்தினி அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். "பத்லி" என்றார். குரலில் கோபம் இல்லை.

திரும்பும்போது என் பையைக் கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. தண்ணீர்ப் பாட்டிலையும் என் கட்டுரையையும் வெளியே எடுத்துவிட்டுக் கொடுத்தேன். பிளாஸ்டிக் உறையை அதற்குள் வைத்து, கொடிகள் வெளியே தெரியும்படி தோளில் மாட்டிக்கொண்டார்.

3.20க்கு அலுவலகம். இதுவரை எத்தனையோ முறை சாந்தினியை வாசலிலேயே நிறுத்தி வைத்த காவலர் பையைப் பார்த்தார், எழுந்து நின்றார், "ஆயியே மேடம்" என்று உள்ளே வரச் சொன்னார். சாந்தினி அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

4.25க்கு வெளியே வந்தார். பதில் ஏற்கெனவே தட்டச்சாகி இருந்ததாம். அப்பாராவ் இந்த ஊரில்தான் வசிக்கிறார், தடுத்து வைக்கப்பட்டுள்ள நபரின் அடையாளத்தை உறுதி செய்ய இயலவில்லை. அதை மாற்ற முடியாது என்றார்கள். ஆனால் உட்காரச் சொன்னார்கள். எந்த ஆபீஸிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை, பையை மேசைமேல் வைத்தார். கல்யாணப் படத்தையும் மாமனாரின் தாளையும் நகல் எடுத்து, அவருடைய மனுவோடு சேர்த்து, பதிலின் அடியில் ஒரு வரி தட்டச்சு செய்தார்கள். 'இணைப்பு: ஒன்று.' 4.10க்கு அனுப்பிவிட்டார்கள்.

"இணைப்பை அங்க யாராவது படிப்பாங்களா?" என்று கேட்டார். மறுபடி 'அக்கா' வரவில்லை, 'மேடம்' என்றும் சொல்லவில்லை.

தெரியவில்லை என்றேன்.

தையல் கடை மூடுவதற்குள் போகவேண்டும் என்று நடந்தார். பை அவர் தோளிலேயே இருந்தது. நான் கேட்கவில்லை.